அவன் போட்ட இரண்டாவது வயர்

கழுத்தை நிமிர்த்த முடியவில்லை. காலையிலிருந்து மேசைக்கு மேசை தவழ்ந்து வயர் இழுத்ததில் முதுகு விண்விண்ணென்று தெறித்தது அவளுக்கு. தையல் கூடத்துக் கம்ப்யூட்டர்கள் ஒரு நெட்வொர்க், முற்றத்துக்கு அப்பால் கிடங்கில் இருப்பவை இன்னொன்று. இரண்டையும் சேர்க்க ஒரு பிரிட்ஜ். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகி, இந்தப் பக்கத்து வயரை ஒன்றிலும் அந்தப் பக்கத்து வயரை மற்றதிலும் மாட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டென்று திரை இருண்டது.

"எந்தப் புண்ணியவான் கரண்ட்ட நிறுத்துனது?" கத்திக்கொண்டே மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள்.

ஏணிமேல் அங்கே வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள்… சே, திட்ட வந்த இடத்தில் கண்ணை எதற்குப் பார்க்கிறாள்?

"அடியில சத்தம் கேட்டுச்சுங்க. எலி வயரக் கடிக்குதுன்னு நெனச்சு நிறுத்துனேன்."

"இந்த எலி கடிச்சா என்னாகும் தெரியுமா?"

"ஊசி போடணும். கூட நீங்க வருவீங்கன்னா கடிக்கட்டும்…"

உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். மதியத்துக்குள் பிரிட்ஜ் தயார். சோதித்துப் பார்த்தாள், இரண்டு பக்கமும் பேசிக்கொண்டன.

சாயங்காலம் அப்பா வந்தார். காண்ட்ராக்ட் அவருடையது. இந்த வேலை தேறினால்தான் இனி அவளைத் தனியே அனுப்புவார். இல்லையென்றால் தொழில் அண்ணன் கைக்குப் போய்விடும்.

பெருமையாக அவருக்குக் காட்டப் போனாள். நெட்வொர்க் வயர்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் விளக்குகள் வெறிபிடித்தாற்போல் மின்னின. இரண்டு பக்கமும் எல்லாமே உறைந்து நின்றது.

"மானத்த வாங்கிட்டியே! தொழில் தெரியாதவள அனுப்புனேன் பாரு, என்னைச் சொல்லணும். நாளையிலேர்ந்து வீட்ல கெட!" தைத்துக்கொண்டிருந்தவர்கள் மிஷினை நிறுத்தினார்கள். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டாள். மதியம் ஓடியது இப்போது ஏன் ஓடவில்லை? ஒரு வயரில் போன தகவல் இன்னொரு வயரில் திரும்பி வந்து சுற்றிக்கொண்டே இருந்தால்தான் விளக்கு இப்படி மின்னும். அப்படியானால்…

மழையோடு முற்றத்தைக் கடந்தாள். கிடங்கு ஸ்விட்சில், தையல் கூடத்திலிருந்து வந்து சேர்ந்த, அவள் போடாத நீல வயர் ஒன்று! பிடுங்கினாள். விளக்குகள் அடங்கின. பின்னால், தையல் கூடத்தில், "வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

வயரோடு திரும்பி வந்தாள். "யாரு போட்டது?"

"நாந்தான்." எலக்ட்ரீஷியன் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றான். "கரண்ட்டு வேலைன்னு நெனச்சுட்டேன் சார். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கும்னு. தப்பு முழுக்க என்னோடது. அவங்க வேலை சுத்தம்."

"ஹூம்…" அப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அவள் விடவில்லை. "யாரக் கேட்டு என் வேலைல கைய வச்சீங்க?"

"ஒத்த வயரு அறுந்துட்டா உங்களத்தான திட்டுவாங்க… அதான்."

"நான் திட்டு வாங்குனா உங்களுக்கென்ன?"

அவன் பிளையரைக் கைக்குக் கை மாற்றினான். "தலை நெறைய ஒட்டடையோட வெளிய வந்து கத்துனீங்க பாருங்க… அப்பவே எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. புடிச்சிருக்குங்க உங்கள."

"எலியவா?"

"ஆமா… எலியத்தான்."

"எனக்கும்தான்," என்றாள், அவன் காதுக்கு மட்டும் கேட்கிறாற்போல. "ஆனா இனிமே கேக்காம வயர் போட்டீங்க… கடிச்சுடுவேன்."

அடுத்த வேலைக்கு அப்பா அவளையேதான் அனுப்பினார். ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு அவர் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.