கேள்விக்குறி இல்லாத கேள்வி

சிராங்கூன் சாலையில் மாட்டுவண்டிகளும் ரிக்‌ஷாக்களும் ஓடிய காலம். அங்கிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் மிஸ்ஸின் கைமணி காணாமல் போயிற்று.

பாக்கியலட்சுமி பக்கத்திலிருந்த தன் தோழியிடம் கேட்டாள்:

"முத்தாயி, யூ டுக் தி பெல்?"

தமிழ் என்றால் "எடுத்தியா" என்று கடைசியில் ஓர் 'ஆ' போதும், கேள்வியாகிவிடும். ஆனால் வகுப்பில் தமிழ் பேசினால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். என்ன சட்டமோ! ஆங்கிலத்தில் அந்த 'ஆ' இல்லை. அதனால் பாக்கியம் குரலை மட்டும் கொஞ்சம் தூக்கினாள்.

மிஸ் காதில் அது "நீதான் மணியை எடுத்தாய்" என்று விழுந்தது.

"முத்தாயி! வெளியே போ!"

முத்தாயி பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது கேள்விதான் என்று பாக்கியம் தமிழில் சொன்னால் பெஞ்சு. ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாது. பாக்கியம் வாயை மூடிக்கொண்டாள்.

மாலையில் முத்தாயி வீட்டு மாட்டுக்கொட்டிலுக்கு ஓடினாள். முத்தாயியின் அப்பா பால் கறந்துகொண்டிருந்தார்; முத்தாயி பக்கத்தில் நின்றாள்.

"திருடின்னு பேர் வாங்கவா பள்ளிக்கூடம்? இனிமே சாணி அள்ளட்டும்."

"முத்தாயி, நான் கேள்விதான்டி கேட்டேன்!"

"அதை எங்கிட்ட ஏன் சொல்றே? மிஸ்கிட்டச் சொல்லு."



மறுநாள் காலையிலேயே மணி பக்கத்து வகுப்பில் கிடைத்துவிட்டது. முத்தாயியைத்தான் யாரும் தேடவில்லை.

அன்றைய பாடம் வாக்கிய வகைகள். "செய்தி வாக்கியம் ஒன்று சொல்லுங்கள்," என்றார் மிஸ்.

பாக்கியம் எழுந்துபோய்க் கரும்பலகையில் எழுதினாள்: யூ டுக் தி பெல். முற்றுப்புள்ளியைத் தொட்டுக் காட்டினாள்.

"மிஸ், யூ ஹியர் திஸ்."

புள்ளியை அழித்தாள். மாட்டுக் கொம்பு மாதிரி பெரிய கேள்விக்குறி போட்டாள்.

"ஐ சே திஸ்! கேள்வி மிஸ், கேள்வி!"

தமிழ் வந்துவிட்டதே! யாரும் சொல்லும் முன்பே தானாகப் போய்ப் பெஞ்சு மேல் ஏறி நின்றாள். வகுப்பே சிரித்தது.

மிஸ் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்தார். முகம் சிவந்தது.

"முன்னால் 'டிட்' போட்டிருக்க வேண்டும்," என்றார். பிறகு மெல்ல, "நானும் கேட்டிருக்க வேண்டும். இறங்கு. அவள் வீட்டைக் காட்டு."

திங்கட்கிழமை முத்தாயி வந்தாள். கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பாக்கியம் அருகில் போய் நின்றாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் முத்தாயி.

அது கேள்விதான்.

"பயந்துட்டேன்டி," என்றாள் பாக்கியம்.

முத்தாயி, அவளும் உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.