மூன்றாம் பேஸில் வெயில்

அட்சயாவின் அப்பாவுக்கு இரண்டு வேலைகள். திங்கள் முதல் வெள்ளிவரை பஸ் ஓட்டுவார். புதன் பின்னேரமும் சனிக்கிழமையும் கனடாவின் ஸ்காபரோவில் உள்ள ஒரு சின்னக் கல்லூரியின் பேஸ்போல் அணிக்குப் பயிற்சி கொடுப்பார். பஸ்ஸில் அவர் கிருபன். மைதானத்தில் எல்லோருக்கும் கோச்.

அந்த அணிக்கு மூன்றே மூன்று பயிற்சியாளர்கள். தலைமைப் பயிற்சியாளர் செல்வரட்ணம் அங்கிள். பந்து எறியப் பழக்குபவர் றோசலின் அன்ரி. அவருடைய வாய் எந்த நேரமும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கும். மூன்றாமவர் அப்பா. பத்து வயது அட்சயாவும் மல்வேர்னில் உள்ள வீட்டிலிருந்து அவரோடு தவறாமல் வருவாள். சிதறும் பந்துகளைப் பொறுக்கி வாளியில் போடுவது அவளுக்குப் பிடித்த வேலை.

அப்பா தன் வேலையைக் கையாலேயே செய்வார். வீரர்கள் சுற்றி ஓடித் தொடும் நான்கு பேஸ்களில் மூன்றாவதுக்குப் பக்கத்தில் நிற்பார். ஓடிவரும் வீரன் பந்தைத் திரும்பிப் பார்க்கமாட்டான். பார்த்தால் வேகம் குறைந்துவிடும். அதனால் அப்பாவின் கையைத்தான் பார்ப்பான். கை சுழன்றால் கடைசிப் பேஸ்வரை ஓட வேண்டும்; அதைத் தொட்டால் அணிக்கு ஓர் ஓட்டம். இரண்டு கைகளும் உயர்ந்தால் நின்றுவிட வேண்டும்.

போன சனிக்கிழமை பந்து மைதானத்தின் வலது மூலைக்குப் போனபோது அந்தக் கை சுழன்றது. ஜதுர்சன் நம்பி ஓடினான். அவன் போய்ச் சேருமுன் பந்து போய்ச் சேர்ந்துவிட்டது. ஜதுர்சன் அவுட். மட்ச்சிலும் தோல்வி.

“கிருபன், பந்து மற்ற ரீம்காரன்ரை கையில இருந்தது வாங்கில இருந்த எனக்கே தெரிஞ்சுது. உன்ரை கண் எங்க இருந்தது?” என்று, வீரர்கள் உட்காரும் நீள வாங்கிலிருந்து எழுந்து வந்த செல்வரட்ணம் அங்கிள் எல்லோருக்கும் முன்னால் கத்தினார்.

அப்பா குனிந்து தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கத் தொடங்கினார். அட்சயா வாளியோடு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

புதன்கிழமைப் பயிற்சியில் அப்பாவும் அங்கிளும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். ஆனால் பேசவில்லை.

“றோசலின், மட்டையள் எங்கயெண்டு அண்ணையைக் கேளுங்கோ,” என்றார் அப்பா.

“றோசலின், காருக்குள்ள கிடக்கெண்டு சொல்லு,” என்றார் அங்கிள்.

“நான் பந்து எறியப் பழக்க வந்தனான். உங்கடை கதையை அங்கயும் இங்கயும் எறிய வரேல்லை,” என்று சொல்லிவிட்டு அன்ரி விதைக் கோதைத் துப்பிக்கொண்டு நடந்தார்.

வீரர்கள் சிரித்தார்கள். அட்சயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அப்பா அம்மாவிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

“இந்தச் சனியோட நான் விலகிறன். பெடியள் இனி என்ரை கையை நம்பமாட்டாங்கள்.”

நாள் முழுக்க பஸ் ஓட்டிக் களைத்துப்போகும் அப்பா, இந்தப் புல்லில் கால் வைத்தால்தான் வாய்விட்டுச் சிரிப்பார். இனி அந்தச் சிரிப்பும் இல்லாமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போது ஒரு பந்து உருண்டு, அப்பா வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் போனது. அட்சயா அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. செப்டெம்பர் மாதத்துப் பின்னேர வெயில் நேரே முகத்தில் அடித்தது. மைதானத்தின் வலது மூலையில் வேலியும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. இந்த மைதானத்தை அமைத்தவர்கள் சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்க்க மறந்துவிட்டார்கள் போலும்.

அவள் திரும்பி வாங்கைப் பார்த்தாள். அதற்கு மேலே கூரை இருந்தது. அங்கே நல்ல நிழல்.

வீட்டுக்குப் போகும்போது காரில் கேட்டாள். “அப்பா, அண்டைக்கு உங்கடை கண்ணுக்குள்ள வெயில் அடிச்சதோ?”

அப்பா அடுத்த வளைவில் காரைத் திருப்பினார். “ஓம். பந்தை எடுக்கப் போனவன் குனிஞ்சதுதான் மங்கலாத் தெரிஞ்சுது. பந்து இன்னும் நிலத்தில கிடக்கெண்டு நினைச்சிட்டன்.”

“அப்ப ஏன் அங்கிளிட்டைச் சொல்லேல்லை?”

“வெயில், காத்து, சேறு எண்டு ஒருத்தரும் சாட்டுச் சொல்லக்கூடாது. அது எங்கடை ரீமின்ரை சட்டம். போன மாசம் வெயில் எண்டு சொன்ன ஜதுர்சனை நான்தான் மைதானத்தைச் சுத்தி ஓடவிட்டனான். இப்ப நானே போய் அதைச் சொல்லுறதோ?”

“நான் ரீமில இல்லைத்தானே. நான் சொல்லலாம்.”

“நீயும் சொல்லக்கூடாது. ப்ரொமிஸ்?”

“ப்ரொமிஸ்,” என்றாள் அட்சயா, அரைமனதோடு.

சனிக்கிழமை மட்ச் தொடங்கச் சற்று நேரம் இருந்தது. வெயில் அதே இடத்துக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. அட்சயா வாளியோடு செல்வரட்ணம் அங்கிளிடம் போனாள்.

“அங்கிள், ஒருக்கா வாங்கோ. அந்த வலது மூலையில பந்து ஏதும் கிடக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

“உதுக்கு நான் வேணுமோ?” என்று முணுமுணுத்தாலும் அங்கிள் எழுந்து வந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போய், அப்பா நிற்கும் இடத்திலேயே நிறுத்தினாள்.

அங்கிள் கண்ணைச் சுருக்கினார். தொப்பியை இழுத்துவிட்டார். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

“ஒண்டுமே தெரியேல்லை,” என்றார்.

பிறகு திரும்பி வாங்கைப் பார்த்தார். மறுபடி மூலையைப் பார்த்தார். அவருடைய குரல் இறங்கிவிட்டது.

“அண்டைக்கு அப்பா இந்த இடத்திலயோ நிண்டவர்?”

“ஓம் அங்கிள். எப்பவும் இங்கதான்.”

“வெயிலும் இப்பிடித்தானோ?”

அட்சயா வாளியின் பிடியைப் பார்த்தாள். “நான் ஒண்டும் சொல்லமாட்டன். ப்ரொமிஸ் பண்ணியிருக்கிறன்.”

அங்கிள் அவளுடைய தலையைத் தடவினார். பிறகு நேரே வாங்குக்கு நடந்தார். அப்பாவும் வீரர்களும் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

“கிருபன்,” என்றார். இந்த முறை நடுவில் றோசலின் அன்ரி தேவைப்படவில்லை. “எல்லாருக்கும் முன்னால உன்னை ஏசிப் பேசினன். எல்லாருக்கும் முன்னாலயே சொல்லுறன். பிழை என்னிலதான். நான் நிழலில இருந்துகொண்டு, வெயிலில நிண்ட உன்னைப் பேசிப்போட்டன்.”

அப்பாவின் கண் கலங்கியது. “அண்ணை, எங்கடை சட்டம்…”

“அந்தச் சட்டத்தைப் போட்டதும் நான்தானே. இனி அது வேண்டாம்.”

ஜதுர்சன் மெல்லக் கையை உயர்த்தினான். “கோச், அப்ப நான் சுத்தி ஓடினது?”

“அது உடம்புக்கு நல்லது,” என்றார் றோசலின் அன்ரி.

எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் அப்பா கேட்டார். “இண்டைக்கும் வெயில் அதே இடத்திலதானே அண்ணை. என்ன செய்யிறது?”

“அங்கிளுக்கு இங்கயிருந்து பந்து தெரியும்தானே,” என்றாள் அட்சயா. “அவர் பந்தைப் பாக்கட்டும். நீங்கள் அவரைப் பாருங்கோ.”

பயிற்சியாளர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இது ஏன் தங்களுக்குத் தோன்றவில்லை என்று மூவருக்கும் வெட்கமாகிவிட்டது.

அன்றைய மட்ச்சின் கடைசிச் சுற்று. இரண்டு அணிகளுக்கும் சம ஓட்டங்கள். இரண்டாம் பேஸில் ஜதுர்சன். மட்டையில் பட்ட பந்து வலது மூலைக்குப் பறந்தது. ஜதுர்சன் ஓடத் தொடங்கினான்.

அப்பா மூலையைப் பார்க்கவில்லை. அங்கிளைப் பார்த்தார். வாங்குக்கு முன்னால் கூரை நிழலில் நின்ற அங்கிளின் கை சுழன்றது. அப்பாவின் கையும் சுழன்றது. ஜதுர்சன் அந்தக் கையைப் பார்த்தான். கொஞ்சமும் தயங்காமல் கடைசிப் பேஸுக்குப் பாய்ந்தான்.

புழுதி அடங்கியது. நடுவர் இரண்டு கைகளையும் அகல விரித்தார். அவுட் இல்லை. மட்ச்சில் வெற்றி.

ஜதுர்சன் எழுந்து, கூடிக் கத்திய நண்பர்களை எல்லாம் தாண்டி ஓடிவந்தான். அவன் முதலில் தட்டியது அப்பாவின் கையைத்தான்.

சாமான்களை ஏற்றும்போது அங்கிள் கேட்டார். “கிருபன், புதன்கிழமை கொஞ்சம் வெள்ளன வருவியோ? உந்தக் கை காட்டுறதை இன்னும் பழக வேணும்.”

அட்சயா மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

“வாறன் அண்ணை,” என்றார் அப்பா.

அங்கிள் அவள் பக்கம் திரும்பினார். “அட்சயா, உண்மையைச் சொல்லு. அந்த மூலையில பந்து கிடந்ததோ?”

“இல்லை அங்கிள். ஒண்டும் கிடக்கேல்லை.”

“அப்ப நான் பாத்துச் சொன்னது சரிதான்.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மல்வேர்ன் வரும்வரை அந்தச் சிரிப்பு காருக்குள்ளேயே இருந்தது.