பொன்விழா நாளில் வாசித்த பதினொரு பெயர்கள்

பதுளை வானொலி நிலையம் இயங்கும் பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்குச் சிவசக்தி வந்து சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. மூடுபனி வாசல்வரை இறங்கியிருந்தது. அன்று நிலையத்தின் பொன்விழா. நான்கு மணிக்கு அதன் வரலாற்றை அவள் நேரலையில் வாசிக்க வேண்டும். ஆறு வருடமாக அவள் தற்காலிக அறிவிப்பாளர். நன்றாக வாசித்தால் நிரந்தர நியமனம் என்று பணிப்பாளர் கனகசபை சொல்லியிருந்தார்.

வரலாற்றை எழுதியவரும் அவரே. அமைச்சர்கள் வந்து விளக்கேற்றிய கதை பதினான்கு பக்கம். நேயர்களுக்கு அரைப் பக்கம். பணிப்பாளரின் பெயர் இருபத்திரண்டு இடத்தில் வந்தது, ஒவ்வொரு முறையும் தன்னடக்கத்தோடு.

ஒத்திகையை ஒலிப்பதிவாளர் மிப்ரான் பதிவுசெய்து போட்டுக் காட்டினார். 'மக்களின் குரல் இங்கே ஒருநாளும் நின்றதில்லை' என்ற வரி வரவேண்டிய இடத்தில் மழைச் சத்தம் கேட்டது. பின் கல் உருளும் சத்தம். அறையெங்கும் ஈரமண் வாடை.

அதன்பின், காதோரம் ஒரு கிழவியின் குரல்.

"எங்க பேர எப்பம்மா வாசிப்பீங்க?"

மிப்ரான் அலுமாரியைத் திறந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்தார். உள்ளே பதினொரு மரண அறிவித்தல்கள். இருபத்தொன்பது வருடத்துக்கு முன் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த ஒரு லயம் மூடிப்போனது என்றார். அன்றுதான் இங்கே புதிய ஒலிப்பதிவுக்கூடத்தை அமைச்சர் திறந்துவைத்தார். அறிவித்தல்களை நிறுத்தி வைத்தவர் அப்போது கடமையிலிருந்த கனகசபை.

சிவசக்தி தோட்டத்தில் பிறந்தவள். தொலைபேசி இல்லாத அந்தக் காலத்தில் சாவுச் செய்தி மலை தாண்டிப் போனது வானொலியில்தான். அது வராவிட்டால் சொந்தம் வராது. முகம் பார்க்க ஆளில்லாமல் குழி மூடப்படும்.

கோப்போடு பணிப்பாளரிடம் போனாள். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"திறப்பு விழா அண்டைக்குச் செத்தவீட்டு அறிவித்தல் போட்டால் அமைச்சர் என்ன நினைப்பார், பிள்ளை? அடுத்த நாள் அவரின்ரை பேச்சை மறுபடி போட்டம். நேரம் காணேல்லை."

"இன்னைக்கு வாசிச்சிரலாமா சார்?"

மேசையில் அவளுடைய நியமனக் கடிதம் இருந்தது. கையொப்பம் மட்டும் பாக்கி.

"உமக்கு இந்தக் கடுதாசி வேணுமோ, அந்தக் கடுதாசி வேணுமோ?"

கோப்பினை அலுமாரியில் திருப்பி வைத்தாள்.

நான்கு மணிக்கு ஒரு சொல் தடுக்காமல் வரலாற்றை வாசித்தாள். விருந்தினர்கள் கைதட்டினார்கள். தன் பெயர் இருபத்திரண்டாம் முறை ஒலித்தபோது பணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடிதம் அவள் கைக்கு வந்தது.

மண் வாடை மட்டும் போகவில்லை.

மறுநாள் காலை அவள் வந்தபோது முற்றம் நிறைய ஆட்கள். பண்டாரவளையிலிருந்தும் பசறையிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்தவர்கள். வெள்ளை உடுத்தியிருந்தார்கள். கையில் மாலை, ஊதுபத்தி. ஒருவர் சங்குகூடக் கொண்டுவந்திருந்தார்.

மாடசாமி என்ற முதியவர் முன்னால் வந்தார்.

"நேத்து நாலு மணிக்கு ஒங்க கொரல்லதாம்மா கேட்டோம். எங்கக்கா பேரச் சொன்னீங்க. அன்னைக்கு யாரும் கூப்பிடல, வர முடியாமப் போச்சு. இப்பக் கூப்பிட்டீங்க, வந்துட்டோம்." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எங்க வச்சிருக்கீங்கம்மா? ஒரு தடவ மொகத்தப் பாத்துர்றோம்."

பணிப்பாளர் அவள் பின்னால் வந்து நின்றார். அப்படி எதுவும் ஒலிபரப்பாகவில்லை என்று சொல்லும்படி மெல்லக் கட்டளையிட்டார்.

சிவசக்தி வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி முயன்றாள். தொண்டை அசைந்தது. உதடு அசைந்தது. காற்றுகூட வரவில்லை.

அப்போது பூட்டிய ஒலிப்பதிவுக்கூடத்துக்குள்ளிருந்து அவளுடைய குரல் கேட்டது. ஒவ்வொரு பெயராக, நிதானமாக, ஒரு சொல் தடுக்காமல்.

கூட்டம் செருப்பைக் கழற்றியது.

பதினொரு பெயரும் முடிந்தன. உள்ளே யாரோ மூச்சு இழுத்துவிட்டார்கள்.

முதல் பெயரிலிருந்து மீண்டும் தொடங்கியது.