ஒற்றைச் சீற்

சோமசேகரம் அந்த மோட்டார் சைக்கிளில் படலைக்குள் வந்து இறங்கியபோது நல்ல வெயில். மனைவி மகாதேவி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பிள்ளை வயிறு, குனிந்து நிமிர்வதே பெரும்பாடு. நிமிர்ந்து பார்த்தவளுக்கு அது யாருடைய வண்டி என்று முதலில் பிடிபடவில்லை. மாமனார் காலத்துப் பழைய பி.எஸ்.ஏ. அது. வெங்காயமும் புகையிலையும் உர மூட்டையும் ஏற்றி ஏற்றி அடிபட்ட வண்டி. இப்போது அதற்குப் பின்பக்கத்தைக் காணவில்லை.

லண்டனில் இருக்கிற மச்சான் ஒருவன் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முந்திய காலத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தான். தோல் சட்டை போட்ட வெள்ளைக்காரப் பெடியன்கள், குனிந்து வளைந்து, நாடி பெற்றோல் தாங்கியில் முட்ட மோட்டார் சைக்கிளில் படுத்துக் கிடப்பார்கள். ஒரு தேத்தண்ணிக் கடையிலிருந்து அடுத்த தேத்தண்ணிக் கடைக்கு ஆர் முந்திப் போவது என்று ஓட்டம் விடுகிற கூட்டமாம். வேலைவெட்டி இல்லாததுகள் என்று அப்போது புத்தூர் ஊரே சிரித்தது. சோமசேகரமும் சிரித்தவர்தான். பிறகு அதே படத்தைத் தேடியெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிமியோனின் லேத்துக் கடையில் போய்க் கிடந்தார்.

சிமியோன் கெட்டிக்காரன். உயர்ந்த ஹான்டிலைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்துக் குழாய்கள் இரண்டிலும் பதிவாக இரண்டு கைபிடி வைத்துக் கொடுத்திருந்தான். மட்காட்டுகளை அரைவாசியாக நறுக்கியாயிற்று. தாங்கி நீண்டு மெலிந்திருந்தது. பெற்றோல் கண்ணிலும் காணக் கிடைக்காத காலம் என்பதால் பக்கத்தில் ஒரு சேலைன் போத்தலும் கட்டியிருந்தது. அதிலுள்ள துளிப் பெற்றோலில் எஞ்சினைப் பற்றவைத்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடலாம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் சீற் ஓட்டுகிறவனோடு முடிந்து, அதன் வாலில் ஒரு தகரக் கூன் மட்டும் எழும்பி நின்றது.

"பின்சீற் எங்கை?"

"வெட்டிப்போட்டன்."

"அப்ப நான் எதிலை இருக்கிறது?"

வழி கேட்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல அவர் அவளைப் பார்த்தார். "இனி இதிலை ஒருத்தரையும் ஏத்திறதில்லை."

காரணம் மகாதேவிக்குத் தெரியும்.

குணலட்சுமி அவருடைய ஒரே தங்கச்சி. தொண்டைமானாற்றில் கட்டிக்கொடுத்திருந்தது. பிள்ளைப்பேற்றுக்கென்று தமையன் வீட்டுக்கு வந்து நின்றவள். மாரி தொடங்க முதல், ஒரு விடியற்காலை, வேலியோரம் ஷெல் விழுந்தது. ஊரில் கார்கள் எல்லாம் சக்கரம் கழன்று கல்லில் ஏறி நின்றன. காயப்பட்ட குணலட்சுமியைத் தூக்கிப் பின்சீற்றில் வைத்து, மகாதேவியின் நீலச் சேலையால் தமையனின் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். காயப்பட்ட ஆளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகிறவர்கள் அந்த நாளில் செய்கிற ஒன்று உண்டு. வழிநெடுகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போவார்கள். பின்னால் இருக்கிறவர் மயங்கிச் சரிந்தால் ஓட்டுகிறவரும் சேர்ந்து விழவேண்டியதுதான்.

"இருக்கிறியே பிள்ளை?"

"ஓம் அண்ணை."

இப்படிக் கேட்டுக் கேட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வாசல்வரை ஓடியிருக்கிறார். கட்டை அவிழ்த்த டாக்குத்தர், உயிர் போய்க் கனநேரம் என்றார். புத்தூர்ச் சந்தியைத் தாண்டும்போதே போயிருக்கும் என்றார். விறைத்த விரல்களை அவருடைய இடுப்புச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விரித்து எடுத்தார்களாம்.

"அப்ப ஆர் எனக்கு ஓம் சொல்லிக்கொண்டு வந்தது?" செத்தவீடு முடிந்த பிறகு ஒரேயொரு தடவை கேட்டார். அதன்பின் அவர் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், குளிக்கச் சொன்னால் குளித்தார். மகாதேவிக்கும் மெல்ல மெல்ல அந்த மரப்புப் பழகிப்போயிற்று. மனுசன் உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்று இருந்தாள்.

ஒற்றைச் சீற் வந்த பிறகுதான் அவள் சட்டைகளைக் கவனித்தாள்.

வெளுத்து, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுக்கிற சட்டை. காலையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். மத்தியானம் கழற்றித் தரும்போது முதுகும் கையும் மடிப்புக் குலையாமல் இருக்கும். இடுப்பில் மட்டும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிடி கசங்கியிருக்கும்.

தண்ணீரில் போட்டால் அந்த இரண்டு இடமும் கடைசியாகத்தான் நனையும்.

ஒருநாள் சிமியோன் வந்தான். பின்சக்கரத்தடியில் குந்தியிருந்து கனநேரம் பார்த்தான்.

"சோமண்ணை, பின்னாலை ஆரையும் ஏத்துறனீங்களே?"

"இல்லை."

"டயர் இரண்டுபேர் போற கணக்கிலை தேயுது." தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

மகாதேவியும் கண்டிருந்தாள். அவர் ஏறி இருந்ததும் பின்பக்கத்து ஸ்பிரிங் ஒருதரம் அமுங்கும்.

சற்றுப் பொறுத்து இன்னொருதரம் அமுங்கும்.

அதன்பிறகுதான் அவர் வண்டியை எடுப்பார்.

நோவு தொடங்கியது ஒரு காலைப்பொழுதில். மருத்துவிச்சி சிவக்கொழுந்து வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். வெயில் ஏறியது, பிள்ளை இறங்குகிற பாடாயில்லை. கையைக் கழுவிக்கொண்டு விறாந்தைக்கு வந்தவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தம்பி, தண்ணிக்குடம் உடைஞ்சு கனநேரம். இனி வைச்சிருந்தா இரண்டும் இல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

மாட்டு வண்டியில் போனால் பொழுதுபட்டுவிடும். சோமசேகரம் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு சாக்கு ஒன்றை மடித்துத் தகரக் கூனின்மேல் போட்டார். சிவக்கொழுந்து ஒரு சேலையைக் கொண்டு ஓடி வந்தாள், மகாதேவியை அவரோடு சேர்த்துக் கட்ட.

"கட்ட வேண்டாம்," என்றார்.

"விழுந்துபோவாளடா தம்பி."

"கட்ட வேண்டாம் அக்கா. பிடிச்சுக்கொண்டு வரட்டும்." அந்தச் சேலையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சிவக்கொழுந்துக்கு அவரை வற்புறுத்த மனம் வரவில்லை. அன்றைக்கு வற்புறுத்தியிருக்க வேண்டும்.

புத்தூர்ச் சந்தி தாண்டியது. மண்ணெண்ணெய்ப் புகையில் தொண்டை கமறியது. ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. மகாதேவி அவருடைய தோளைப் பிடித்து, முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தாள். வயிறு அவருடைய முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

"இருக்கிறீரே?"

"ஓம்," என்றாள்.

சிறுப்பிட்டியில் ஒரு பெரிய நோவு வந்து இடுப்பை முறுக்கியது. தோளிலிருந்த கைகளை இறக்கி அவருடைய இடுப்பைப் பிடிக்கப் போனாள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு கைகள் இருந்தன.

குளிர்ந்த கைகள். விரல்கள் துணியோடு சேர்ந்து இறுகியிருந்தன. ஒரு விரலில் மோதிரம் தட்டுப்பட்டது.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நோவுதான் இருந்தது, அதற்குமேல் எதையும் வைக்க உடம்பில் இடமிருக்கவில்லை. பிள்ளை, பிள்ளை என்று மட்டும் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. கையை எடுத்து மறுபடியும் தோளைத் தேடினாள். எட்டவில்லை.

அவருடைய முதுகு தூரமாகியிருந்தது.

சற்று முன் வயிறு முட்டிய இடத்தில் இப்போது ஓர் இடைவெளி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஈரமான, பாரமான ஏதோ ஒன்று அதற்குள் இருந்து, இடம் போதாதவர்கள் செய்வதுபோல, அவளைப் பின்னுக்கு அசக்கி அசக்கித் தள்ளியது. கோபமாகத் தள்ளவில்லை. காய்ந்த இரத்தமும் ஈர மண்ணும் மணத்தது.

"இருக்கிறீரே?"

வாயைத் திறந்தாள். நாக்கு எழும்பவில்லை.

"ஓம் அண்ணை."

அது அவளுடைய குரல் இல்லை.

சோமசேகரத்தின் தோள்கள் தளர்ந்தன. பல மாதங்களாகக் கட்டை போல இறுகிக் கிடந்த தோள்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த தடவை கேட்டபோது அந்தக் குரலில் அப்படியொரு ஆறுதல். "இருக்கிறியே பிள்ளை?"

"ஓம் அண்ணை. போங்கோ."

நீர்வேலியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கியது. மகாதேவி விழுந்தாள். விழும்போது வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். முழங்கையும் தோளும் தார் ரோட்டில் உராய்ந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை. நேராக, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒரு பெண் நிமிர்ந்து இருந்தாள். நீலச் சேலையின் தலைப்பு காற்றில் பறந்தது. குணலட்சுமியோடு சேர்த்து எரித்த சேலை அது.

வாழைத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அருமைநாயகி என்கிற மனுசிதான் ஓடிவந்தாள். வாழையிலையை வெட்டிப் பரப்பி, மறைப்புக்குத் தன்னுடைய சேலையைப் பிடித்து, அந்த இடத்திலேயே பிள்ளையை எடுத்தாள். பெண் பிள்ளை. கத்திக்கொண்டு பிறந்தது. மகாதேவி அழவில்லை. பிள்ளையின் விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பின்னேரம் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பித் தாயையும் பிள்ளையையும் புத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பொழுதுபட சோமசேகரம் வந்தார். முகம் தெளிந்திருந்தது. முற்றத்தில் நின்ற சிவக்கொழுந்திடம் தானாகவே கதை கொடுத்தார். "மகாதேவியை வார்ட்டிலை விட்டிட்டு வாறன் அக்கா. தானே இறங்கி நடந்து போனவள். வழி முழுக்க நல்லாக் கதைச்சுக்கொண்டு வந்தவள்."

சிவக்கொழுந்து அவரை அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் கட்டிலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மகாதேவியின் கட்டுப் போட்ட முழங்கையைப் பார்த்தார். மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆர் உவ?"

அடுத்த நாளிலிருந்து அவர் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கினார். சரக்குத்தூள் போட்ட பத்தியக் கறியும் சோறும். பிள்ளை பெற்றவளுக்கென்று சிவக்கொழுந்து சமைத்ததில் பாதியைத் தானே போட்டுக் கட்டுவார். தடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. அப்படியொரு ஆள் எந்தக் கட்டிலிலும் இல்லை என்று வார்ட்டில் விசாரித்தவர்கள் வந்து சொன்னார்கள். ஆனால் பாத்திரம் வெறுமையாகத்தான் திரும்பி வந்தது. கறி காரம் என்று ஒருநாள் அவர்மூலம் சொல்லியும் வந்தது.

மகாதேவி அதையெல்லாம் படுத்திருந்தபடியே கேட்பாள். சாப்பாட்டில் பாதிதானே, போகட்டும் என்றிருந்தாள். பிள்ளை பால் குடித்தது, நித்திரை கொண்டது. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவர் பாத்திரத்தோடு நேரே அறை வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே அவள் தனியே இருந்தாள்.

"பிள்ளையைப் பாக்கவேணுமாம்," என்றார்.

"ஆருக்கு?"

"மகாதேவிக்கு."

"நான்தானப்பா மகாதேவி. என்னைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். ஓம் ஓம் என்று தலையாட்டினார், சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்பதுபோல.

அவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பல நாட்களுக்குப் பிறகு முதல்தரமாகப் பயம் வந்தது. "துடக்குக் கழியேல்லை," என்றாள். "பிள்ளையை வெளியிலை எடுக்கக்கூடாது."

"அவளுக்கும் கழியேல்லைத்தானே," என்றார் அவர். "வீட்டிலை ஒரு ஆள் பிள்ளையைப் பாக்கிறா, நாளைக்குக் கொண்டுவாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். பாவம், கனகாலமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

அருகில் வந்து, தென்னோலை ஈர்க்கு ஒன்றைப் பிள்ளையின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் பிடித்து அளந்தார். பிள்ளை விழித்துவிடாதபடி அவ்வளவு பக்குவமாக அளந்தார். ஈர்க்கை அந்த நீளத்துக்கு முறித்தெடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிப் போனார்.

மோட்டார் சைக்கிளின் தாங்கிக்கு மேலே, கைபிடிகளுக்கு நடுவே, இரும்புக் கம்பியை வளைத்து ஒரு சின்னச் சீற் கட்டத் தொடங்கினார்.