சமையல்காரர் எப்படித் தப்பித்தார்?

புழுவுக்கு என்ன ஆயிற்று என்று புழுவுக்கே புரியவில்லை.

புழு என்பது அண்ணன் வைத்த பெயர். புத்தகப்புழு என்று முழுதாகக் கூப்பிட அவனுக்குச் சோம்பல். சாப்பிடும்போதும் படிப்பாள், பல் தேய்க்கும்போதும் படிப்பாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் சோப்பு உறையைக்கூட விடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குக் கொஞ்ச நாளாக எதைப் படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. ஒரு பக்கம் முடிவதற்குள் கொட்டாவி வந்தது.

“இனிமே என்னால படிக்கவே முடியாதாம்மா?” என்று கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா புத்தகம் தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். அன்று காலை கிளம்பும்போது அட்டை போடாத ஒரு புத்தகத்தை அவள் மடியில் வைத்தார்.

“முதலாளியம்மாகிட்ட கேட்டு எடுத்துட்டு வந்தேன். ரயில்ல நடக்கிற திருட்டுக் கதை. மூளைக்கு வேலையே வைக்காதாம். சும்மா புரட்டு.”

புழு வேண்டாவெறுப்பாகப் புரட்டினாள். ஓடும் ரயிலில் ஒரு நீலப் பெட்டி காணாமல் போகிறது. துப்பறியும் பெண் ஒருத்தி அதை ஒவ்வொரு ரயில் பெட்டியாகப் போய்த் தேடுகிறாள். பரவாயில்லையே என்று தாளைத் திருப்பினால், திடீரென்று சமையல்காரர் கையில் விலங்கு! துப்பறியும் பெண்ணின் கையில் பெரிய கட்டு!

‘எப்போ அடிபட்டுச்சு? நான்தான் தூங்கிட்டேனா?’

திரும்பிப் போய்ப் பார்த்தாள். அடிபடவே இல்லை. சரி, போகப் போகத் தெரியும் என்று மேலே படித்தாள். கொஞ்ச நேரத்தில் அதே சமையல்காரர் சிரித்துக்கொண்டே சூப் பரிமாறினார். துப்பறியும் பெண் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து ரயில் கூரைமேல் ஏறினாள். கட்டைக் காணோம்.

புழுவுக்குத் தலை சுற்றியது.

“அண்ணா, விலங்கு மாட்டின ஆளு சூப் ஊத்த முடியுமா?”

“ஊத்தலாம். பாதி கீழே சிந்தும்.”

“விளையாடாத! ஒருவேளை அவருக்கு இரட்டைப் பிறவி தம்பி இருப்பாரோ?”

“அப்ப அந்தப் பொண்ணுக்கும் இரட்டைத் தங்கச்சியா? டிக்கெட்டு எடுத்தாங்களான்னு பாரு.”

அவனிடம் கேட்டதே தப்பு என்று அவள் மறுபடி புத்தகத்துக்குள் புகுந்தாள். பால் ஆறிப்போனது. இன்னும் கொஞ்சம் போனால், கையில் மறுபடியும் கட்டு! புழுவுக்குக் கோபமே வந்துவிட்டது. கதை எழுதியவருக்குப் பைத்தியமா, தனக்குப் பைத்தியமா என்று தெரிந்தாக வேண்டும். கட்டு வந்த இடத்தையும் போன இடத்தையும் விரல் வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் பக்க எண்கள் கண்ணில் பட்டன.

முப்பத்திரண்டுக்கு அடுத்து நாற்பத்தொன்பது. அறுபத்து நாலுக்கு அடுத்து முப்பத்து மூன்று.

அவளுக்குப் பட்டறை நன்றாகத் தெரியும். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மடித்தால் ஒரு ஃபாரம். ஃபாரங்களை மேசையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்று எடுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். இதில் மூன்றாவதும் நாலாவதும் இடம் மாறியிருந்தன.

‘எனக்கு ஒண்ணும் இல்லை! புத்தகத்துக்குத்தான் கோளாறு!’

குதிக்கப் போனவள் அப்படியே நின்றாள். மேசையில் அடுக்குவது அம்மாவின் வேலை. அப்படியென்றால் எல்லாப் புத்தகமுமே இப்படித்தானா? சொன்னால் அம்மாவுக்குத் திட்டு விழும். சொல்லாவிட்டால்? இன்று அட்டை ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய பிறகு பிரித்தால் எல்லாமே கிழிந்துவிடும்.

புழு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

பட்டறையில் பசை வாடை அடித்தது. அம்மா முதல் அட்டையைக் கையில் எடுத்திருந்தார். எல்லோர் முன்னாலும் கத்தாமல், புழு அவர் காதோடு சொன்னாள். அம்மா இன்னொரு புத்தகத்தைப் பிரித்தார். அதற்கடுத்ததையும் பிரித்தார். முகம் வெளுத்துவிட்டது.

“உன்னையே நினைச்சுக்கிட்டு அடுக்கினேன்... மாத்தி வெச்சுட்டேன்” என்றார் மெல்ல. பிறகு அவரே முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னார்.

முதலாளியம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “நாலு பேரு பாத்தோமே! ஒருத்தர் கண்ணுலயும் படலையா?”

“நாம தையலைத்தானே பாத்தோம். யாரு படிச்சுப் பாத்தா?” என்றார் அம்மா.

முதலாளியம்மா புழுவை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லவேளை, பசை படலை. நூலை வெட்டுங்க. எல்லாத்தையும் மறுபடி தைச்சுடலாம்.”

மாலைவரை வேலை ஓடியது. பெரியவர்கள் நூலை வெட்ட, புழு மூன்றை எடுத்து நாலுக்கு முன்னால் வைத்தாள். முதலில் சரியாகத் தைத்து முடித்த புத்தகத்தை முதலாளியம்மா அவளிடமே கொடுத்தார். அதோடு அவள் ஒரு மூலைக்குப் போனவள்தான். புத்தகத்திலிருந்து தலையே நிமிரவில்லை.

எல்லோரும் கிளம்பினார்கள். அம்மா கை கழுவி, பையை மாட்டி, விளக்கை அணைத்தார்.

“வா, போலாம்.”

“இரும்மா! இன்னும் ஒரே ஒரு பக்கம்!”

இதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. விளக்கை மறுபடி போட்டுவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.