முதல் வரிக்கு முந்தைய மூச்சு

பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு மூச்சு கேட்டது. கிட்டார் தனியாக ஒரு சுற்று வாசித்து முடித்து, குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிற அந்த அரை நொடிக்குள், யாரோ ஒருத்தி ஆசை ஆசையாகக் காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். அப்புறம் மெட்டில்டாவின் குரல். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய குரல், இருபத்தைந்து வயசுக் குரல், 'கடைசி வண்டி போயாச்சு' என்று கரகரப்பாக எடுத்தது.

குரல் அவளுடையது. மூச்சு அவளுடையதல்ல.

மதியம் மூன்று மணிக்கே நவம்பர் மழை சேலையூரை இருட்டாக்கியிருந்தது. போனை ஒரு வயர் போட்டுப் பழைய ஆம்ப்ளிஃபையரில் செருகி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் மெட்டில்டா. முழங்கால் உயரப் பெட்டி அது. முகப்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. சூடேறினால் தூசி கருகுகிற வாசனை வரும். அந்த வாசனையில்தான் அவள் பிழைப்பு முழுக்க நடந்தது. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிறிஸ்துமஸ் டான்ஸ், மவுண்ட் ரோடு ஹோட்டல் பார், கல்லூரி விழாக்கள், பெங்களூர், கல்கத்தா, இரண்டு தடவை சிங்கப்பூர். பொம்பளை கிட்டார் வாசிக்கிறாளாமே என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அழுதுவிட்டு எழுந்து போனார்கள். அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டான ப்ளூஸைத் தமிழில் பாட ஒருத்தி இருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். எல்லாம் இந்த ஒரு பாட்டால் வந்த பேர்.

பேர் வந்த வழியாகவே திரும்பியும் போய்விட்டது. கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. தங்கை எப்சி போன வருஷம் பம்மலில் கண்ணை மூடினாள். வீட்டில் பேச ஆள் இல்லை. தொண்டை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மெட்டில்டா காலையில் பால் பாக்கெட்டோடு இரண்டு வார்த்தை பேசுவாள். இருந்தது. அறுபத்து மூன்று வயசிலும் அது ஒன்று மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. வருகிற சனிக்கிழமை, பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு மேடை. அதற்கு முன்பாகப் பழைய பாட்டைச் சுத்தம் செய்து வெளியிடுவதாக ஏற்பாடு.

போன் அதிர்ந்தது. அன்பு. பம்மலில் ஒரு தோல் பட்டறைக்கு மேல் மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவன். அவளுடைய பழைய ஸ்பூல் டேப்பிலிருந்து பாட்டை எடுத்து அனுப்பியவன் அவன்தான்.

"ஆன்ட்டி, கேட்டீங்களா? டேப் இன்னாமா கீது தெரியுமா? நேத்து பாடின மாதிரி!"

"கேட்டேன்."

"ஸ்டார்ட்டிங்ல ஒரு மூச்சு கீது பாத்தீங்களா? அது உங்களுது மாதிரி இல்லையே ஆன்ட்டி. அளவே வேற."

ஒலிப்பதிவுக்காரன் காது. மெட்டில்டா வயரைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டாள். "எடுத்துடு" என்றாள்.

"எடுத்துடவா? ஃபீலா கீதே..."

"எடுத்துடு அன்பு."

யாருடைய மூச்சு என்று அவளுக்குத் தெரியாதா? வாலிப வயசில் அக்காவும் தங்கையும் ஒரே மேடையில் நிற்கும்போது, மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பாள். எப்சி எப்போது பாட ஆரம்பிப்பாள் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூச்சிழுப்பாள், அது காதில் விழும், விரல் கம்பியில் இறங்கும். ஆயிரம் பேர் மூச்சுக்கு நடுவில் வைத்தாலும் அந்த ஒன்றைப் பிரித்து எடுத்துவிடுவாள்.

பாட்டு எப்சியினுடையது. தாம்பரம் ஸ்டேஷனில் கடைசி வண்டியைத் தவறவிட்ட ஓர் இரவில் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதியது. பத்தொன்பது வயசு. டைபாய்டு ஜுரத்தோடு ஒலிப்பதிவுக்கு வந்து, வரிக்கு வரி தண்ணீர் கேட்டுக் கேட்டு, ஒரே ஒரு தடவை பாடிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். மறுநாள் மெட்டில்டா தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டாள். முழுக்கக் கேட்டாள். தன்னால் ஜென்மத்துக்கும் அப்படிப் பாட முடியாது என்று தெரிந்துகொண்டாள்.

அப்போதைய இஞ்சினியர் சுந்தரராமன் சார் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"அதே டிராக்லயா? தங்கச்சி பாடினது அழிஞ்சு போயிடுமேம்மா. பக்கத்துலயே ஒரு டிராக் காலியா இருக்கு."

"வேணாம் சார். இதுலயே எடுங்க."

டேப் அப்படித்தான், ஒரே தடத்தில் புதுசு ஏறினால் பழசு போய்விடும். சார் மனசில்லாமல்தான் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அரை நொடி தாமதமாக அழுத்தியிருக்கிறார். அந்த அரை நொடியில் எப்சியின் மூச்சு மட்டும் தப்பித்து உட்கார்ந்துவிட்டது.

எப்சியிடம் சொன்னது வேறு. "டேப் கெட்டுப்போச்சுடி. புதுசா நானே பாடிட்டேன்." அதற்கப்புறம் எப்சி கோவிலில்கூடப் பாடவில்லை. பள்ளிக்கூட டீச்சராகி, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "நான் அன்னைக்கு எப்படிப் பாடினேன்னு எனக்கே தெரியாதுக்கா. ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம்" என்று சிரித்தாள். அப்போதும் மெட்டில்டா வாயைத் திறக்கவில்லை.

நான்கு மணிக்கு அன்பு சுத்தம் செய்த பாட்டை அனுப்பினான். அவள் ஓட்டினாள்.

கிட்டார் ஒரு சுற்று வந்து ஒதுங்கியது.

மூச்சு.

முன்பைவிட நீளமாக, அடியில் சளி லேசாகக் கரகரக்க, ஜுரக்காரியின் மூச்சு.

"அன்பு, எடுக்கலையே நீ?"

"எடுத்துட்டேன் ஆன்ட்டி! இங்க க்ளீனா கீது. பழைய ஃபைலைப் போட்டிருப்பீங்க."

பார்த்தாள். புதியதைத்தான் போட்டிருந்தாள். மறுபடி ஓட்டினாள். மூச்சு, அப்புறம் 'கடைசி'. அந்த ஒரு சொல் மெல்லிசாக, ஓரத்தில் நடுங்கி, இளசாக வந்தது. 'வண்டி போயாச்சு' மட்டும் மெட்டில்டாவின் குரலில் இருந்தது. தைத்த இடம் தெரியாமல் இரண்டு துணியை இணைத்தது போல.

பயந்தாள்தான். ஆனால் எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! யாருமில்லாத வீட்டில் தங்கை வந்து ஒரே ஒரு சொல் சொன்னால் யார்தான் காதைப் பொத்திக்கொள்வார்கள்? இன்னொரு தரம் ஓட்டினாள். இன்னும் ஒரு தரம், இருட்டுகிற வரை.

பக்கத்து வீட்டு நஃபீசா குடையைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டு சுவருக்கு மேல் ஒரு தட்டை நீட்டினாள். வெங்காய பஜ்ஜி.

"ஊர்லேர்ந்து யாருக்கா வந்திருக்கா? மத்தியானத்துலேர்ந்து பாடிட்டே இருக்கே பொண்ணு."

"ரெகார்டு போட்டேன் நஃபீசா."

"ரெகார்டா? போங்கக்கா, கிண்டல் பண்ணாதீங்க. நடுவுல தண்ணி கேட்டுச்சே. ரெண்டு தடவை கேட்டுச்சு, நீங்க குடுக்கலையேன்னு நினைச்சேன்."

மெட்டில்டா தட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மழைச் சத்தம் குறைந்து, வீட்டின் சத்தம் கூடியது: ஃபிரிட்ஜின் உறுமல், குளியலறைக் குழாயின் சொட்டு, ஆம்ப்ளிஃபையரின் தாழ்ந்த ரீங்காரம். ரீங்காரத்துக்கு அடியில் இன்னொன்று, ஏறி இறங்கி, தூங்குகிறவள் மார்பு மாதிரி.

தன் குரலைத் தானே கேட்டால் தைரியம் வரும் என்று நினைத்தாள். கிட்டாரை மடியில் எடுத்து வைத்து, முதல் வரியை எடுத்தாள்.

"... வண்டி போயாச்சு."

மறுபடி எடுத்தாள். உதடு அசைந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. முதல் சொல் வரவில்லை. பாட்டாகத்தான் வரவில்லையா என்று வெறுமனே பேசிப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்து, 'மாதத்தின் கடைசி சனிக்கிழமை' என்று சொல்ல முயன்றாள். "மாதத்தின்... சனிக்கிழமை." நடுவில் காற்று. பல் விழுந்த இடத்தில் நாக்கு போவது போல அவள் அந்தச் சொல்லிடம் திரும்பத் திரும்பப் போனாள். இடம் மட்டும் இருந்தது.

டேப்பில் போன சொல், வாயிலும் போயிருந்தது.

அவள் வயரைப் பிடுங்கிப் போனை மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள். இனிக் கேட்பதில்லை. கேட்காமல் இருந்துவிட்டால் ஒரு சொல்லோடு போகும். ஒரு சொல் இல்லாமல் சனிக்கிழமை சமாளித்துக்கொள்ளலாம்; ஜனங்களே சேர்ந்து பாடிவிடுவார்கள்.

மேசைக்குள் போன் அதிர்ந்தது.

"ஆன்ட்டி, ஒரே ஒரு டவுட்டு. பேரு போடணும். கிட்டார் நீங்க, ஓகே. பாட்டு எழுதினது, பாடினது? டேப் டப்பால பென்சில்ல எப்சின்னு எழுதி அடிச்சிருக்கு. யாரு ஆன்ட்டி அது?"

வெளியே மின்னல் வெட்டி, அறை ஒரு கணம் வெளுத்தது. ஆம்ப்ளிஃபையரின் ரீங்காரம் நின்றிருந்தது. ஏறி இறங்கிய அந்த இன்னொரு சத்தமும் நின்றிருந்தது. ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பது போல.

சொல்லிவிடலாம். ஒரு பேர், மூன்றே எழுத்து. சொன்னால் என்ன ஆகும்? சனிக்கிழமை மேடையில் நிற்கிறவள் யார் என்று கேட்பார்கள். முப்பத்தெட்டு வருஷம் யார் பாட்டைப் பாடினாள் என்று கேட்பார்கள்.

"யாருமில்ல" என்றாள் மெட்டில்டா. "எல்லாம் நான்தான். என் பேரு மட்டும் போடு."

"சரி ஆன்ட்டி."

போனை வைத்த மறு நொடி கரண்ட் போனது.

ஃபிரிட்ஜ் ஓய்ந்தது. தெரு விளக்கு ஓய்ந்தது. பக்கத்து வீட்டில் நஃபீசா யாரையோ மெழுகுவத்தி கேட்டுக் கூப்பிட்டாள், அதுவும் ஓய்ந்தது. மேசை விளிம்பைப் பிடித்தபடி மெட்டில்டா இருட்டுக்குக் கண்ணைப் பழக்கினாள். தூசி கருகும் வாசனை வந்தது. சூடான வாசனை.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பிடுங்கிய வயர் அவள் கையில் இருந்தது. கரண்ட் இல்லை. பெட்டி கிட்டார் வாசித்தது. அவள் வாசித்த கிட்டார், அவள் இருபத்தைந்து வயசு விரல்கள், ஒரு சுற்று. ஒதுங்கியது. இடம் விட்டது.

மூச்சு.

"கடைசி வண்டி போயாச்சு, கதவை யாரு சாத்துறது?"

முழு வரியும் எப்சி.

மெட்டில்டா காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய காதுக்குள்ளும் கேட்டது. ப்ளூஸில் ஒரே வரியை இரண்டு தரம் பாடுவார்கள். இரண்டாம் தரம் இன்னும் கிட்டே.

"கடைசி வண்டி போயாச்சு, கதவை யாரு சாத்துறது?"

தொண்டைக்குள் ஏதோ உரிந்தது. வலி இல்லை. சுவரில் ஒட்டிய தாளை நனைத்து உரிப்பது போல, மெதுவாக, முழுசாக. "நிறுத்துடி" என்று கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். மழை மட்டும் கேட்டது. "எப்சி" என்றாள். வாய் திறந்தது. மூடியது.

மூன்றாவது வரி. பதில் வரி.

"உள்ள இருக்கிறவ யாருன்னு வெளிய நிக்கிறவ கேக்குறா."

அவ்வளவு அழகாக இருந்தது. அன்றைக்கு இருந்தது போலவே.

அப்புறம் அமைதி. சிவப்பு விளக்கு. வாசனை.

போன் ஒளிர்ந்தது. அன்பு. அவள் இரண்டு கையாலும் அதைத் தட்டித் தடவித் திறந்தாள். இப்போது சொல்லிவிடுவாள். பாடினது எப்சி. எழுதினது எப்சி. அழிச்சது நான். அடிவயிற்றிலிருந்து மொத்தத்தையும் திரட்டிச் சொன்னாள்.

காற்று வந்தது.

"ஹலோ? ஆன்ட்டி? லைன்ல கீறீங்களா?"

"சொல்லு அன்பு" என்றது பெட்டி.

மெட்டில்டா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. குரல் முதுகுக்குப் பின்னால் இருந்து, மெல்லிசாக, தண்ணீர் குடித்துத் தாகம் தீர்ந்தவள் குரலாக வந்தது.

"அட, வாய்ஸ் சூப்பரா கீதே ஆன்ட்டி! சனிக்கிழமை கலக்கப் போறீங்க. ஒண்ணு சொல்லணும். ஃபைனல் காப்பி போட்டுக் கேட்டுகினு இருந்தேன். அந்த மூச்சு திரும்ப வந்து குந்திகினு கீது."

மெட்டில்டா போனை வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். போன் கண்ணாடி நனைந்தது.

"ஆனா இப்ப வேற மாதிரி கீது ஆன்ட்டி. வயசானவங்க மூச்சு மாதிரி. பயந்து இழுக்கிற மாதிரி. எடுத்துடவா?"

சிவப்பு விளக்கு லேசாக மங்கி, மறுபடி பிரகாசமாக எரிந்தது.

"எடுத்துடு" என்றது பெட்டி.

போனுக்குள் அன்புவின் விரல் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. இருட்டில், வாயைத் திறந்தபடி, மெட்டில்டா காற்றை உள்ளே இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.