முப்பத்தேழு சிவப்புப் புள்ளிகள்

1987, ஐப்பசி மழை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அரங்கநாதனின் கையிலிருந்த பிரிண்ட்அவுட் கட்டு நழுவியது. மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து குடியாத்தம் பஸ்ஸின் படிவரை ஓடியது. இறங்கி வந்தவள் குனிந்து அள்ளினாள். நிமிர்ந்தபோது... அந்தக் கண்கள்! இமையில் மழைத்துளி, உள்ளே குறும்பு.

தாளை உதறியவள் ஒரு பக்கத்தைப் படித்தாள். விரல்விட்டு எண்ணினாள்.

"இன்னாங்க ப்ரோக்ராம் இது? ஒரே பத்தியில முப்பத்தேழு எடத்துல 'இப்படின்னா இது, இல்லன்னா அது'ன்னு வழி பிரியுது! எழுதன மனுஷன் உள்ளயே தொலஞ்சி போய்ட்டிருப்பான்."

"தொலையல. உங்க எதிர்லதான் நிக்கறேன்."

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு நடந்தான். கோபம்தான்... ஆனால் கண்கள் கூடவே வந்தன.

மறுநாள் காலை, ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் அதே கண்கள்! புதிதாகச் சேர்ந்திருந்தாள். பெயர் பூரணி.

எந்தப் பெட்டியில் எந்த சைஸ் ஷூ என்று பட்டியல் போடும் அந்த ப்ரோக்ராம், அரங்கநாதனின் மூன்று வருட உழைப்பு. ஆனால் ஓரிடம் திருத்தினால் வேறிடம் கெடும். போன வாரம் குழந்தைகள் பெட்டியில் பெண்கள் ஷூ போய்விட்டது.

மேனேஜர் மஹபூப் பாஷா கறாராகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள படிச்சா எனக்கே புரியணும். இல்லன்னா இத தூக்கிப் போட்டுட்டு மெட்ராஸ்லேர்ந்து புதுசு வாங்கிடலாம்."

"நான் உதவி பண்ணட்டுமா சார்?" என்று அரங்கநாதனைக் கேட்டாள் பூரணி.

"வேணாங்க. பேஜார் ஜாஸ்தியாய்டும்."

இரண்டு நாள் வீம்பு. புதன்கிழமை, ப்ரோக்ராமில் அவனே வைத்த 'கே-மூணு' என்ற பெயரில் முட்டிக்கொண்டு நின்றான். எதைக் குறிக்க வைத்தோம்? சத்தியமாக ஞாபகமில்லை.

"பூரணி... இது இன்னான்னு எனக்கே தெரிலங்க."

அவள் சிரிக்கவில்லை. முதலில் அதற்குத்தான் அவன் மனம் நன்றி சொன்னது.

"தோல் தரம் பாக்கறவங்க பழுது இருக்கற எடத்துலதான சாக்பீஸ்ல வட்டம் போட்றாங்க? அப்படித்தான்," என்று சிவப்புப் பென்சிலை எடுத்தாள். வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புள்ளி. "பத்துக்கு மேல புள்ளி இருக்கற பத்திய மட்டும் ஒடைப்போம். மத்தத தொட வேணாம்."

முப்பத்தேழு புள்ளிப் பத்தி ஐந்தானது. பேக்கிங் சூப்பர்வைசர் சுந்தரியிடம் படித்துக் காட்டி, அவர் முழித்த இடத்திலெல்லாம் பெயரை மாற்றினார்கள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. குழந்தைகள் சைஸுக்கும் பெண்கள் சைஸுக்கும் ஒரே கே-மூணு!

வெள்ளிக்கிழமை மஹபூப் பாஷா ஒரு பக்கத்தை உரக்கப் படித்தார். "அரே, புரியுதே! இதுவே இருக்கட்டும்பா."

அரங்கநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலையில் மறுபடியும் மழை. குடியாத்தம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"பூரணி... என் மூணு வருஷத்த காப்பாத்திக் குடுத்தீங்க. இன்னொண்ணும் சொல்லணும்... நீங்க தப்பா நெனச்சிக்கலன்னா... உங்க வீட்ல ஒத்துக்கிட்டா... இல்லன்னா வேணாம்..."

அவள் கைப்பையைத் திறந்து அந்தச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். அவன் உள்ளங்கையை விரித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி வைத்தாள்.

"மூணு எடத்துல வழி பிரியுது சார். படிக்க முடில. திருத்தி எழுதுங்க."

அவன் மூச்சை இழுத்துக்கொண்டான்.

"உங்கள எனக்குப் புடிச்சிருக்கு."

"இப்ப புரியுது..." என்றவளின் கண்கள் தாழ்ந்தன. "எனக்கும்தான்."

பஸ் ஹாரன் அடித்துப் புறப்பட்டது. அவள் ஏறவில்லை.